விரல் பட்டால் சத்தம் வராது

இந்த மாதம் முழங்கால் வலி, ஓட்டப் பயிற்சி, போலீஸ் தேர்வுக்கான உயரம் தாண்டுதல் பற்றி வந்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். போன இதழில் என் பள்ளித் தோழன், எங்கள் வாலிபால் அணியின் லிஃப்டர் (ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்), இறந்துபோனதை நாலு வரியில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரியிலிருந்துகூட எழுதியிருக்கிறார்கள். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். பள்ளியில் அவனை நாங்கள் 'கண்டி' என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: டேய், 1981 ஜனவரி, ஊட்டியில் நடந்த மாவட்டப் போட்டி. கடைசி செட்டில் மழை வந்து பந்து வழுக்கியதால்தானே தோற்றோம்? துக்க வீட்டில் நான் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், நீ மட்டும் ஆட்டவில்லை. ஏன்?
*(வகுப்புத் தோழன், சேரம்பாடி)*

மழை இல்லைடா. ஜனவரியில் ஊட்டியில் எங்கிருந்து மழை? காலையில் புல்லெல்லாம் உறைபனி, உப்பைத் தூவியது மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். மழையில் ஆடியது அதற்கு முந்தைய ஆகஸ்டில், நம் பள்ளி மைதானத்தில். அட்டை கடித்து உன் கணுக்காலில் ரத்தம் வடிந்ததும் அன்றைக்குத்தான். இரண்டு ஆட்டத்தையும் நீ ஒன்றாக்கிவிட்டாய்.

தலையாட்டாததற்குக் காரணம் சொல்கிறேன். மழையால் தோற்றோம் என்றால் அன்றைக்குக் கண்டி செய்த வேலை அத்தனையும் மறைந்துபோகிறது. முந்தின நாள் சேரன் பஸ்ஸில் நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டிப் போய் இறங்கினோம். மறுநாள் விடியற்காலை பயிற்சிக்கு நின்றால் எதுவுமே சரியில்லை. நீ போட்ட சர்வீஸ் எல்லாம் கோட்டைத் தாண்டி விழுந்தது. நான் எடுத்த பாஸ் எகிறி வலைக்கு அந்தப் பக்கம் போனது. குளிரில் கை விறைத்துவிட்டது என்று நாமெல்லாம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கண்டி மட்டும் பந்தை இரண்டு கையிலும் வைத்து அழுத்திப் பார்த்தான். "பந்து நம்ம பந்து இல்ல, கல்லா இருக்கு" என்றான். மாஸ்டரிடம் ஊசி வாங்கி, காதருகே வைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு விரலில் வாங்கிப் பார்த்தான். நாலைந்து முறை பார்த்த பிறகு, "இப்ப சரி" என்றான்.

இதன் கணக்கு பல வருடம் கழித்து, உடற்கல்விக் கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊர் சுமார் 1000 மீட்டர் உயரம். ஊட்டி 2240 மீட்டர். அங்கே வெளிக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.13 கிலோ குறைவு. கீழே அடைத்த காற்று பந்துக்குள் அப்படியேதான் இருக்கிறது, வெளியே அழுத்தம் குறைந்ததால் பந்து விம்மி இறுகிவிடுகிறது. வாலிபாலுக்குள் இருக்க வேண்டிய காற்றழுத்தமே இன்றைய விதிப்படி 0.30 முதல் 0.325 கிலோதான். அப்படியானால் 0.13 எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார். குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், மீதி விரலில் தெரியும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாரமானி எதுவும் இல்லாமல் பத்து விரலால் அதைக் கண்டுபிடித்தான். மலையேறிப் போகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: மேலே போனதும் பந்தில் காற்றைப் பாருங்கள்.

காற்று லேசாக இருப்பதால் சர்வீஸும் தூரம் போகும் என்பதை அவன் அங்கேயே பிடித்துவிட்டான். 13-க்கு 13 நின்றபோது சர்வீஸ் அவன் கையில். அப்போதெல்லாம் எதிரணிக்காரர்கள் வலையோரம் கையைத் தூக்கி நின்று சர்வீஸையே பிளாக் செய்யலாம். 1984-க்குப் பிறகுதான் அது தடையானது. அந்த ஊட்டிப் பையன்கள் மூன்று பேரும் நெடுநெடுவென்று நின்றார்கள். நம் தட்டையான சர்வீஸ் எல்லாம் அவர்கள் கையில் பட்டு நம் காலடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. கண்டி வேகத்தைக் குறைத்து, பந்தை உயரமாகத் தூக்கி, அவர்கள் தலைக்கு மேலாகப் பின்கோட்டு மூலையில் இறக்கினான். அதில், பந்து கீழே விழாமல் இரு பக்கமும் போய்வர, நெடிய ரேலி ஒன்று ஆடினோம். கடைசியில் நான் அடித்ததை அவர்கள் சுத்தமாக மறித்தார்கள், சர்வீஸ் அவர்கள் கைக்குப் போனது. அடுத்த இரண்டு புள்ளியும் எடுத்து 15-13 என்று அவர்கள் ஜெயித்தார்கள். நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள். மழையைச் சொல்லி அவர்கள் ஆட்டத்தையும் குறைக்க வேண்டாம், கண்டியின் ஆட்டத்தையும் குறைக்க வேண்டாம்.

கேள்வி: நான் கல்லூரி அணியில் ஆடுகிறேன். உங்கள் காலத்து 15 புள்ளி ஆட்டம் மந்தமானது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா ஐயா?
*(மாணவர், கூடலூர்)*

தம்பி, நீங்கள் ஆடுவது ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி, 25 வரை. அந்த முறையை 1998-ல் முடிவுசெய்து, அடுத்த ஓரிரு ஆண்டில் உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். எங்கள் காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டுமே புள்ளி. மற்ற அணி ரேலியை ஜெயித்தால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். பலகையில் எண் நகராது. 9-க்கு 9 என்று எழுதியது கால் மணி நேரம் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மந்தமாகத் தெரிந்திருக்கலாம். ஆடுகிறவனுக்கு அது மூச்சு முட்டுகிற வேலை.

அந்த முறையில் லிஃப்டரின் உழைப்பைக் கணக்கு வைக்க வழியே கிடையாது. இருபது தடவை சரியாகத் தூக்கிக் கொடுத்திருப்பான், பலகையில் ஒரு எண்கூட மாறியிருக்காது. பின்வரிசையில் தடுப்பு ஆட்டம் மட்டும் ஆடுகிற லிபரோ என்ற ஆளும் அப்போது கிடையாது, அதுவும் 1998-ல் வந்ததுதான். ஆறு பேரும் எல்லா இடத்திலும் சுற்றி ஆட வேண்டும். குள்ளமான கண்டி முன்வரிசைக்கு வரும்போது எதிரணி அவன் பக்கமாகவே அடிக்கும். அவன் பிளாக்குக்குக் குதிப்பான், விரல் நுனி வலைக்கு மேலே தெரியும். அதற்கு மேல் உயரம் இல்லை. விழுந்து எழுந்து அடுத்த லிஃப்டுக்கு ஓடுவான்.

உங்கள் முறையை நான் குறை சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் நேரம் தெரிய வேண்டும், நியாயம்தான். 'மந்தம்' என்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: மாமா, அப்பா வீட்டில் விளையாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. காரியத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் அதைத்தான் பேசினீர்கள். அவர் உண்மையிலேயே நன்றாக ஆடுவாரா? இறந்தவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லாதீர்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மலையாளப் பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று இருக்கிறது. வலைக்கு மேலே எழும்பி நிற்கிற ஒருவர். அது யார்?
*(மகள், பந்தலூர்)*

மகளே, உள்ளதைச் சொல்கிறேன். உன் அப்பா மாவட்டத்திலேயே பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஸ்மாஷ் அடிக்க உயரம் போதாது. சர்வீஸ் சாதாரணம், ஊட்டியில் போட்டது தவிர. ஓட்டத்திலும் அவரைவிட வேகமானவர்கள் வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் லிஃப்டில் அவர் மாதிரி ஒருவரை, பள்ளிகளில் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், நான் இன்னொரு தடவை பார்க்கவில்லை. எவ்வளவோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிலர் கல்லூரி அணி வரை போனார்கள். அந்தக் கை யாருக்கும் வரவில்லை.

அது என்ன கை என்று கேட்பாய். லிஃப்ட் போடும்போது பந்து விரல்களில் ஒரே சமயத்தில் பட்டு, ஒரே சமயத்தில் விலக வேண்டும். ஒரு கை முந்தினால் டபுள் டச், நேரம் நின்றால் ஹோல்டிங். அந்தக் கால ரெஃப்ரிகள் அதில் ரொம்பக் கண்டிப்பு. 'டப்' என்று சத்தம் கேட்டாலே விசில் ஊதுவார்கள். எங்களிடம் இருந்தது தோல் பந்து. மழையில் நனைந்தால் ஊறிக் கனத்துவிடும். நாங்கள் எல்லாம் கையைக் கோத்து முன்னங்கையில் வாங்கி எடுத்துவிடுவோம். உன் அப்பா அந்த ஊறின பந்தையும் விரலில்தான் வாங்குவார். சத்தம் வராது. பந்து சுழலவும் செய்யாது. அதில் இருக்கிற தையலை எண்ணலாம், அப்படி மெதுவாக எழும்பும்.

அடிக்கிறவர்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமாகத் தூக்குவார். எனக்கு வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, உயரமாக. நெல்லியாளத்துப் பையனுக்குத் தாழ்வாக, அவன் முன்னாலேயே குதித்துவிடுவான். பத்தேரியிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த இடதுகைக்காரனுக்குப் பின்பக்கமாக, திரும்பியே பார்க்காமல். "எப்படிடா தெரியும், அவன் அங்க இருக்கான்னு?" என்று கேட்டால், "அவன் செருப்பு இல்லாம ஓடுற சத்தம் வேற" என்பார். எங்கள் யாருக்குமே அப்போது கேன்வாஸ் ஷூ கிடையாது. எல்லாரும் வெறுங்கால்தான்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். 1964 ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டதில் இலங்கை மலையகத்திலிருந்து ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று எழுதினார்கள். உன் தாத்தா குடும்பம் அதில் ஒன்று. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் 1976-ல் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. படிப்பு இடையில் அறுந்துபோனதால் எங்களைவிட இரண்டு வயது மூத்த உன் அப்பாவை எங்கள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் வாத்தியார் ஊர் எது என்று கேட்டார். "கண்டி" என்றார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு வாலிபால் கோட் இருந்ததாம். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெரியவர்கள் ஆடுவார்களாம். எட்டு வயதில் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டு, பிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்துச் சுவரில் தனியாக லிஃப்ட் போட்டுப் பழகியிருக்கிறார். சுவரில் பந்து பட்டுச் சத்தம் வந்தால் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், படுத்திருக்கிற தாத்தா திட்டுவாராம். அங்கே வாலிபால் அவ்வளவு பரவின ஆட்டம். 1991-ல் இலங்கை அதைத் தேசிய விளையாட்டாகவே அறிவித்தது. இதெல்லாம் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, ஊட்டிக்குப் போன பஸ்ஸில் சொன்னது. சனி, ஞாயிறுகளில் உன் பாட்டியோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பார். திங்கட்கிழமை விரலெல்லாம் கொழுந்துக் கறை, கருப்பாக இருக்கும். பந்தில் அந்தக் கறை ஒட்டிக்கொள்ளும் என்று மைதானத்துக்கு வருமுன் மண்ணைப் போட்டுத் தேய்ப்பார்.

பத்தாவது முடிந்ததும் தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் மேலே படித்தோம், அவர் போகவில்லை. நீங்கள் பிறந்த பிறகும் சில வருடம் தோட்டத்துக் கோட்டில் ஆடினார், உனக்கு நினைவிருக்க வயது போதாது. வீட்டில் ஏன் பேசவில்லை என்று நான் ஊகம் சொல்லமாட்டேன். ஆனால் விளையாட்டை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. நான் வேலை பார்த்த பள்ளியில் போட்டி நடக்கும் என்றால் லீவு போட்டுவிட்டு வந்து வலை கட்டுவார். கையில் ஒரு மூங்கில் குச்சி. அதில் இரண்டு இடத்தில் கத்தியால் கீறியிருப்பார்: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. வலை நடுவில் தொய்ந்துவிடும் என்று நடுவில்தான் முதலில் அளப்பார். "பொம்பளப் பிள்ளைங்க தானே, சும்மா கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க" என்று ஒருவர் சொன்னபோது, வேலையை நிறுத்திவிட்டுக் குச்சியைக் காட்டி, "அவங்களுக்கும் அளவு இருக்கு சார்" என்றார். அந்தக் குச்சி உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும், தேடிப் பார்.

படத்தில் இருப்பவர் வாலிபால் ஆட்டக்காரர் ஜிம்மி ஜார்ஜ். கண்ணூர்ப் பக்கம் பேராவூர்க்காரர். 1976-ல் அர்ஜுனா விருது வாங்கியவர், இத்தாலியில் போய் ஆடியவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது அணியில் இருந்தார். அடுத்த வருடம் நவம்பரில் இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார், வயது 32. பத்தேரிக்காரன்தான் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தான். உன் அப்பாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "இவருக்கு யார் லிஃப்ட் போட்டாங்கன்னு எழுதலியா?" என்றார்.

கேள்வி: பள்ளி நண்பர் இறந்ததிலிருந்து என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பது வருடமாக அதிகம் பழகாத ஆளுக்கு இவ்வளவு துக்கமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
*(வாசகி, கோத்தகிரி)*

அம்மா, அண்ணன் தம்பி இறந்தால் அவருக்குச் செய்ய வேலை இருக்கும். நீர்மாலைக்குப் போகலாம், பால் தெளிக்கலாம், பதினாறாம் நாள் வரை ஓடிக்கொண்டே இருக்கலாம். பள்ளி நண்பனுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. மாலையைப் போட்டுவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து திரும்ப வேண்டியதுதான். கண்டியின் வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் ஆட்டத்தைப் பேசினோம். பதினைந்து பதினாறு வயதில் இவர் எப்படி இருந்தார் என்று அறிந்த ஆட்கள் இனி எத்தனை பேர்? அதில் ஒருவர் குறைந்துவிட்டார். பழகிய வருடத்தை எண்ணி இதை அளக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதைவிட, "நீங்க ரெண்டு பேரும் என்ன ஆடுவீங்க?" என்று ஒரு நாள் மாலை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட உட்காரச் சொல்லுங்கள். மூன்று வாரம் தாண்டியும் உறக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நம் வகுப்பிலிருந்து பணம் திரட்டி கண்டி பெயரில் நினைவுக் கோப்பை நடத்தலாம் என்று பேசுகிறோம். ஃப்ளட்லைட் போட்டு, வெளி அணிகளைக் கூப்பிட்டு, இரண்டு நாள். நீதான் முன்நின்று நடத்த வேண்டும்.
*(வகுப்புத் தோழர்கள், கொளப்பள்ளி, நெல்லியாளம்)*

எனக்கு இஷ்டமில்லை, காரணத்தோடு சொல்கிறேன். விளக்கு, மைக், ஃப்ளெக்ஸ், வெளி அணிகளுக்குச் சாப்பாடு, பரிசுப் பணம். இரண்டு நாளில் எல்லாம் கரைந்துவிடும். இரவு ஆட்டம் என்றால் யானை இறங்குகிற ஊரில் ஜனங்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது யார் பொறுப்பு? மேடையில் கண்டியின் படத்துக்கு மாலை போட்டு, 'சிறந்த மனிதர்' என்று ஆளுக்கு ஆள் பேசுவோம். அவன் லிஃப்ட் போட்டதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டோம்.

அதே பணத்தில் நாம் படித்த பள்ளிக்கு இரண்டு இரும்புக் கம்பம், இரண்டு நல்ல வலை, அரை டஜன் பந்து, அழுத்தம் பார்க்கிற கேஜ் வைத்த பம்பு ஒன்று வாங்கலாம். மைதானத்தின் கீழ்ப்பக்கம் தேயிலைச் சரிவில் பந்து உருண்டு போகாமல் ஒரு தடுப்பு வலை கட்டலாம். பந்தைத் தேடித் தேயிலைக்குள் இறங்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டது நமக்குத்தான் தெரியும். இப்போது அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் அணி இருக்கிறது. அவர்களுக்கு 2.24-ல் கட்டத் தனி வலை இல்லை. அங்கிருந்து தொடங்கலாம். வாரம் ஒரு நாள் போய் லிஃப்ட் சொல்லிக்கொடுக்க நான் தயார். கம்பம் நட யார் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்காக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். 'தங்கமான மனுஷன்' என்று எழுதாதீர்கள், அது அவளுக்கே தெரியும். எந்த ஆட்டம், அவன் எங்கே நின்றான், யாருக்கு எப்படித் தூக்கிக் கொடுத்தான் என்று எழுதுங்கள். நெல்லியாளத்துக்காரா, தேவாலாவில் நடந்த ஆட்டத்தில் அவன் வலது சுண்டுவிரல் பிசகி, மீதி ஒன்பது விரலால் ஒரு செட் முழுக்க ஆடினான் என்பீர்களே, அன்றைக்கு நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். நீ பக்கத்தில் நின்று ஆடினாய். அதை நீதான் எழுத வேண்டும்.